திருவாதிரை மங்கிய குளிர்காலம்

அந்தச் சிவப்பு நட்சத்திரம் சில மாதங்கள் ஒளிரும், சில மாதங்கள் மங்கும், மறுபடி ஒளிரும் என்று நூலகப் புத்தகத்தில் வாசித்த அன்று, வெக்ஸ்போர்ட் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில், சப்பாத்தும் போடாமல் பல்கனிக்கு ஓடினேன். புத்தகம் அதற்கு ஏதோ வாயில் நுழையாத பெயர் வைத்திருந்தது. அப்பா படத்தை எட்டிப் பார்த்து, “உது எங்கட திருவாதிரையெல்லோ” என்றார்.

திருவாதிரை. கோயில் அர்ச்சனைத் துண்டில் அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் எழுதுகிற நட்சத்திரம். ரோட் டெஸ்டில் மூன்று முறை தவறிய அம்மா. அது ஒளிரும் காலம் பார்த்துப் போனால் பாஸ். பத்து வயதுக்கு வேறென்ன ஆதாரம் வேண்டும்?

நகருக்கு வெளியே, ஸ்ரௌவ்வில்லில் அம்மாவுக்கு ஒரு வேலை காத்திருந்தது. பஸ் போகாத இடம். பனி கரைவதற்குள் லைசென்ஸ் எடுக்காவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். கார் பழக்கியவர் அம்மாவின் தம்பி, என் மாமா. “அக்கா, உங்களுக்கு பஸ் பாஸ்தான் ராசி” என்பார். அவர் நட்சத்திரம் ரோகிணி. அதுவும் சிவப்பு, பக்கத்திலேயே இருப்பது. பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிட்டே மங்கலை அளக்க வேண்டும் என்றது புத்தகம். தினமும் மாலை ஆறரை மணிக்கு, மூக்கு விறைக்க விறைக்க, அம்மாவை மாமாவோடு ஒப்பிட்டுக் கொப்பியில் எழுதினேன்.

கொப்பியில் அம்மாவின் ஒளி இறங்கிக்கொண்டே வந்தது. டெஸ்டுக்கு முதல் நாள் இருவரும் சமம்.

“அம்மா, நாளைக்குப் போகாதேங்கோ. நீங்கள் மங்கிப்போனியள்.”

“மங்கினால் என்னடி, ஹெட்லைற்றைப் போட்டுக்கொண்டு ஓடுவன்.”

மாமாவின் சிரிப்பில் பல்கனிக் கண்ணாடி அதிர்ந்தது.

மறுநாள் அம்மா பாஸ். வீடே கூத்தாடியது. இருட்டியதும் நான் பல்கனிக்குப் பாய்ந்தேன். திருவாதிரை அசையவில்லை, அதே மங்கல். செய்தி அவ்வளவு தூரம் போய்ச்சேர நாளெடுக்கும் என்று கொப்பியில் குறித்துக்கொண்டேன்.

அதற்குள் அம்மா, “ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாறன்” என்று மாமாவின் காரில் தனியாகப் போய்விட்டிருந்தார். திரும்பி வந்து, கீழே கார் தரிப்பிடத்தில், இரண்டு கோடுகளுக்கு நடுவே அச்சொட்டாக நிறுத்தினார். என்ஜின் ஓய்ந்தது. கதவு திறக்கவில்லை. பத்து நிமிடம். இருபது நிமிடம். கார்க் கண்ணாடிகளை மெல்லப் பனிப்புகார் மூடியது. மேலே, இரண்டு அறைகளுக்குள் நாங்கள் ஏழு பேர், ஆளுக்கொரு தேவையோடு அம்மாவுக்காகக் காத்திருந்தோம்.

பாவம், கதவைத் திறக்கத் தெரியவில்லையாக்கும் என்று, மாமாவை உதவிக்குக் கீழே அனுப்பினேன்.