ஹவ்வாவின் பெயரில் ஒரு சிவப்புக் கார்

காருக்கு இன்ஷுரன்ஸ் எழுத வந்த ஆறுமுகநாதன் சொன்ன தொகை காதில் விழுந்ததும் ஹவ்வா சிரித்துவிட்டாள். மூன்று நான்கு வருடத்துக்குச் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று நினைத்தாள்.

"ஒரு வருசத்துக்குத்தான், அக்கா," என்றார் அவர்.

சிரிப்பு பாதியில் நின்றது. முற்றத்தில் நின்ற சிவப்புக் காரைப் பார்த்தாள். அதில் சாய்ந்துகொண்டு நின்ற மகன் ஸக்கரியாவைப் பார்த்தாள்.

"அல்லாஹ்வே! சேர், நான் கேட்டது இன்ஷுரன்ஸ். நீங்க காருட பாதி வெலயச் செல்லுறீங்களே!"

1999ஆம் ஆண்டு அது. மாத்தளைச் சந்தையில் ஹவ்வாவைத் தெரியாத வியாபாரி கிடையாது. கணவர் ஜமால்தீன் மாரடைப்பில் போனபோது மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். வீட்டோடு துக்கம் காக்கும் இத்தா முடிந்த கையோடு கணவருடைய தராசை எடுத்துக்கொண்டு இரத்தோட்டை பஸ்ஸில் ஏறியவள் அவள். மிளகு, கராம்பு, சாதிக்காய் என்று வீட்டுத் தோட்டங்களில் வாங்கி, முற்றத்தில் காயப்போட்டு, டவுன் கடைகளுக்குக் கொடுப்பாள். ஈர மிளகைக் காய்ந்ததோடு கலந்தாள் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

ஸக்கரியாவுக்கு இருபத்தொரு வயதானபோது, "இன்னும் எத்தன காலம் உம்மா பஸ்ஸில மூட்டையோட மல்லுக்கட்டப் போறீங்க? கார் ஒண்டு எடுப்போம், நான் ஓட்டுறேன்," என்றான். அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. லீசிங் கம்பனியில் தன் பெயரிலேயே எழுதிக் கொடுத்து, பழைய ஜப்பான் கார் ஒன்றை எடுத்தாள். வந்த கொஞ்ச நாளிலேயே அவன் அதை ஜைனுதீனின் கராஜுக்குக் கொண்டுபோனான். "எஞ்சின்ல சின்ன வேல ஈக்கி, உம்மா."

திரும்பி வந்த கார் நிலத்தோடு பதிந்து கிடந்தது. பின்னால் சைலன்சர் பால்மா டின் பருமனில் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் அதை ஸ்டார்ட் பண்ணியதும் பக்கத்து வீட்டுப் பலாமரத்துக் காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. எஞ்சின் திருத்தியதால் வந்த பலம் என்று ஹவ்வா நம்பிவிட்டாள்.

பொனட்டைத் திறந்து பார்த்திருந்த ஆறுமுகநாதன் அதை நம்பவில்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், மாத்தளையில் ஒரு காப்புறுதிக் கம்பனிக்கு வேலை செய்பவர். அதிகம் பேசமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் உள்ளே பார்த்தார்.

"அக்கா, இது இந்தக் காரின்ர எஞ்சின் இல்லை. டர்போ வச்ச வேற எஞ்சின். இரண்டு மடங்கு பாயும். ஓட்டுறது இருபத்தொரு வயசுப் பெடியன். லைசன்ஸ் எடுத்தும் கனகாலம் இல்லை. கம்பனி பயப்படாம என்ன செய்யும்?"

ஹவ்வா மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். மூட்டை சுமக்க வாங்கிய கார், பாய்வதற்கென்று மாறிப்போன செய்தியை அந்நிய மனிதர் ஒருவர் வாயால் கேட்க வேண்டியிருந்ததே என்று அவளுக்குக் காது சுட்டது. முழு இன்ஷுரன்ஸ் இல்லாவிட்டால் லீசிங்காரன் காரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

ஸக்கரியா சட்டென்று, "உம்மா ஓட்டுற எண்டு எழுதுங்க, சேர். எல்லாரும் அப்பிடித்தானே செய்ற," என்றான்.

"அக்காவுக்கு ஓடத் தெரியுமோ?"

"இல்ல."

"அப்ப நான் எழுத மாட்டன், தம்பி. பொய்யெண்டு தெரிஞ்சா, அடிபட்ட அண்டைக்கு ஒரு சதமும் கிடையாது. கடன் மட்டும் கொம்மான்ர தலையில நிக்கும்."

ஸக்கரியாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "ஒரு ரவுண்ட் வந்து பாருங்க, சேர். நான் எவ்வளவு கவனமா ஓட்டுறேன் எண்டு பாத்துட்டு, தொகையச் செல்லுங்க." அவர் தயங்கினார். ஹவ்வாவும் பின்சீட்டில் ஏறிக்கொண்டதால் மறுக்க முடியாமல் முன்னால் உட்கார்ந்தார்.

அவன் கவனமாகத்தான் ஓட்டினான். உக்குவளைப் பாதையில் சைக்கிள்காரருக்கும் வழிவிட்டுப் போனான். அந்த வாரம் கொழும்பில் குண்டு வெடித்திருந்ததால் வழியில் இருந்த சோதனைச் சாவடியில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆமிக்காரர் நின்றார்கள். நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்கள். ஸக்கரியா எக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தான்.

சைலன்சர் வெடித்தது. டப், டப், டப் என்று துவக்கு சுட்ட சத்தம் போலவே மூன்று தரம்.

மணல் மூட்டைகளுக்குப் பின்னால் எல்லாரும் விழுந்தார்கள். அடுத்த கணம் அத்தனை துவக்குகளும் காரை நோக்கி நின்றன. கதவுகள் பிடுங்கப்படுவதுபோலத் திறந்தன. யாரோ சிங்களத்தில் கத்தினார்கள், யாரோ ஹவ்வாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தபோது ஆறுமுகநாதன் தார் ரோட்டில் முழங்காலில் நின்றார். கண்ணாடி கீழே நொறுங்கிக் கிடந்தது. ஒருவன் அவருடைய அடையாள அட்டையை வாசித்து, பிறந்த இடத்தை உரக்கச் சொன்னான். யாழ்ப்பாணம். இன்னொருவன் துவக்கு முனையை அவர் பிடரியில் வைத்தான்.

இந்த மனிதரை இங்கே கொண்டுவந்தது நாங்கள் என்பது ஒன்றுதான் ஹவ்வாவின் தலைக்குள் ஓடியது. இரு கைகளையும் தூக்கிக்கொண்டு, தலைவன்போல நின்ற ஆமிக்காரனிடம் சிங்களத்தில் பேசினாள். சொல் ஒன்றும் தவறவில்லை.

"மகனே, அது துவக்கு இல்ல. காருட சைலன்சர். என்ட புள்ள எஞ்சின மாத்தி வச்சீக்கி. இந்த ஐயா இன்ஷுரன்ஸ் எழுத வந்தவர். அவர்ல ஒரு பிழையும் இல்ல."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அப்படியானால் மறுபடி வெடிக்க வைக்கச் சொல்."

ஸக்கரியா காரில் ஏறினான். ஜன்னலுக்கு வெளியே துவக்கு. எஞ்சினை முறுக்கிவிட்டுக் காலை எடுத்தான். ஒன்றுமில்லை. மறுபடி முறுக்கினான். உறுமியதே தவிர வெடிக்கவில்லை. ஒவ்வொரு தரம் அது பேசாமல் இருந்தபோதும் ஆறுமுகநாதனின் பிடரியில் இருந்த இரும்பு இன்னும் கொஞ்சம் அழுந்தியதை ஹவ்வா கண்ணால் கண்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மகன் சின்னப் பிள்ளைபோல விசும்பினான்.

"இன்னும் மிதி, மகன்! நல்லா மிதி!" என்று கத்தினாள்.

அவன் தரையோடு மிதித்துவிட்டான். காலை எடுத்ததும் டப் என்று வெடித்து, குழாயில் நெருப்பு எட்டிப் பார்த்தது. ஆமிக்காரர் சிலர் சிரித்தார்கள். பிடரியில் துவக்கு வைத்திருந்தவன் சிரிக்கவில்லை. அவனும் பயந்துபோயிருந்தான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. தலைவன்போல நின்றவன் அட்டையை வாங்கி ரோட்டில் போட்டுவிட்டு, போகச் சொன்னான்.

ஆறுமுகநாதனைத் தாயும் மகனுமாகத் தூக்கித்தான் காரில் இருத்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் ஹவ்வா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். "மன்னிச்சுக்கொள்ளுங்க, சேர்," என்றாள். அவர் காரில் ஏற மறுத்து, நடந்தே போனார்.

அவர் தெருமுனையில் மறைந்ததும் ஹவ்வா மகன் முன்னால் கையை நீட்டினாள்.

"சாவிய தா."

"உம்மா, சைலன்சர மட்டும் மாத்துறேன்..."

"சாவிய தா, ஸக்கரியா."

பழைய எஞ்சின் ஜைனுதீனின் கராஜில் ஒரு மூலையில் கிடந்தது. அதையே திரும்பப் பூட்ட வைத்தாள். ஸக்கரியா வீட்டில் சாப்பிடாமல், முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தான். ஆனால் உண்மையான அதிர்ச்சி அடுத்த கிழமைதான். ஹவ்வா டவுனில் டிரைவிங் பழக்கும் இடத்தில் போய்ப் பெயர் பதிந்துவிட்டு வந்தாள்.

அவளுடைய மூத்த சகோதரர் றஹீம் நானா செய்தி கேட்டு ஓடிவந்தார். "ஒனக்கென்ன பைத்தியமா? நாப்பத்தாறு வயசில பொம்பள ஒருத்தி ரோட்டில கார் ஓட்டினா, பள்ளிவாசல்ல நான் எப்பிடி மொகம் காட்டுற?"

"தராசத் தூக்கின நாளும் இதத்தான் கேட்டீங்க, நானா," என்றாள் ஹவ்வா. அவர் தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார்.

லீசிங்காரனிடம் இன்ஷுரன்ஸுக்கு அவகாசம் கேட்டு வாங்கினாள். முதல் பரீட்சையில் மதிலில் மோதினாள். இரண்டாவதில் லைசன்ஸ் கையில் வந்தது. ஆறுமுகநாதனின் காப்புறுதிக் கந்தோருக்கு அவளே காரை ஓட்டிக்கொண்டு போனாள். அவர் வாசலுக்கு வந்தார், காரைக் கண்டதும் ஓர் அடி பின்வாங்கினார். பிறகு ஓட்டுநர் சீட்டில் இருந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கியவளைக் கண்டு முன்னால் வந்தார்.

"இப்ப எழுதுங்க, சேர். நான்தான் ஓட்டுற."

கணக்குப் பார்த்து அவர் சொன்ன தொகை முன்பு சொன்னதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹவ்வா இரண்டு தரம் கேட்டாள். காதில் பிழையோ என்று நினைத்தாள்.

ஸக்கரியா ஜைனுதீனிடமே வேலைக்குச் சேர்ந்து தொழிலைச் சரியாகப் படித்தான். பிறகு வேலைக்காகக் கட்டார் நாட்டுக்குப் போனான். சாவடியைப் பற்றித் தாயும் மகனும் பேசிக்கொண்டதேயில்லை. ஒருமுறை மட்டும் ஃபோனில், "அந்த சேர் சுகமா ஈக்கிறாரா, உம்மா?" என்று கேட்டான்.

ஹவ்வா எல்கடுவ மலைப் பாதையில் கராம்பு மூட்டைகளோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். மழை நாட்களில் தேயிலைத் தோட்ட லயத்துப் பெண்கள் பஸ் வராமல் நனைந்துகொண்டு நின்றால் நிறுத்துவாள். முதல் தடவை ஏறிய பெண் ஒருத்தி, இடுப்புப் பிள்ளையை இறுக்கிக்கொண்டு, ஸ்டியரிங்கையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்கம்மா, வேற ஆளு வரலீங்களா? நீங்களேவா ஓட்டுறீங்க?"

"நானேதான். கதவ நல்லாச் சாத்துங்க," என்று சொல்லிவிட்டு ஹவ்வா வளைவில் ஹோன் அடித்தாள்.