மொட்டைக் காலர்

பதவி உயர்வுத் தேர்வு நாளில் குழுத் தலைவர் சார்ஜெண்ட் மேஜர் விட்மயர் வேண்டுமென்றே சீருடையில் ஒரு குறையோடு வந்து உட்காருவாராம். அதைக் கண்டு வாய் திறப்பவருக்குத்தான் பதவி உயர்வாம். கேன்சஸ் ராணுவ முகாமின் லாரிப் பட்டறையில் இதை அவிழ்த்துவிட்டவள் சக சிப்பாய் ஒகாசியோ. அவளிடம் சொன்னவர் சலவைக்கடைக்காரர். அவருக்கு யார் சொன்னார்களோ, அவருக்கே வெளிச்சம்.

"போடீ, கதை விடாத," என்றாள் லோர்னா ப்ரூயிட்.

சிரித்தாலும் அந்தப் பேச்சு மனதில் ஒட்டிக்கொண்டது. எட்டு வருடமாக ராணுவ லாரி ஓட்டும் சிப்பாய் அவள். இந்த வருடம் சார்ஜெண்ட் ஆகாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். படையின் விதி அப்படி. ஓட்டத்திலும் துப்பாக்கி சுடுவதிலும் மதிப்பெண்ணை அள்ளிவிட்டாள். தேர்வுக்குழுவின் நேர்காணல்தான் பாக்கி.

தேர்வு நாளன்று கதவை ஓங்கி ஒரே தட்டாகத் தட்டி உள்ளே போனாள். மேசைக்குப் பின்னால் ஐந்து பேர், நடுவில் விட்மயர். கேள்விகள் பறந்தன. தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததற்கு, "இப்போதைக்குத் தெரியல, சார்ஜெண்ட் மேஜர்." கண் மட்டும் அவர் சீருடையை மேய்ந்தது. வலது காலரில் பித்தளை வில்லை மின்னியது. இடது காலர் மொட்டை!

"கடைசியா ஏதாவது சொல்லணுமா?"

"உங்க இடது காலர்ல வில்லை இல்ல, சார்ஜெண்ட் மேஜர். உங்க பரீட்சைய நான் கண்டுபிடிச்சுட்டேன்!"

விட்மயர் காலரைத் தடவிப் பார்த்தார். முகம் பீட்ரூட்டானது.

"பரீட்சையா? வில்லைய எங்க வீட்டு நாய் தின்னுருக்கும்!" சகாக்கள் பக்கம் திரும்பினார். "காலைலேருந்து பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க. ஒருத்தருக்கும் வாய் இல்லையா?"

"நீங்க வேணும்னே செய்வீங்கன்னு... நாங்களும் கேள்விப்பட்டோம்," என்று ஒருவர் முனகினார்.

"ப்ரூயிட், நீ போகலாம்," என்றார் விட்மயர். அவள் கதவைச் சாத்தியதும் உள்ளே வெடித்தது சிரிப்பா, கோபமா, புரியவில்லை.

முடிவை அவளுடைய பிரிவு சார்ஜெண்ட் பாய்ல் சாயங்காலம் போனில் சொல்வதாக ஏற்பாடு. வீட்டுக் கொல்லைப்புறத்தில் அவள் கணவன் வெண்டல் பன்றி விலாவைத் தணலில் புரட்டிக்கொண்டிருந்தான்.

"பெரியவர் மானத்தையே வாங்கிட்டியேடீ!" விருந்துக்கு வந்திருந்த ஒகாசியோ விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உன் சலவைக்கடைய நம்புனேன் பாரு, என்னைச் சொல்லணும்."

மேசைமேல் போன் அதிர்ந்தது. திரையில் 'பாய்ல்'.

"எடும்மா!" என்றான் வெண்டல்.

"கையெல்லாம் மசாலா. கழுவிட்டு வரேன்."

ஏற்கெனவே பளிச்சென்றிருந்த கையைக் குழாயடியில் மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.