மாடிக்கு முதுகு காட்டிய ஸ்பீக்கர்கள்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான்தான் இன்று தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடத்தில் டிஜே செட் வாடகைக்கு விடுவதில் முதல் ஆள். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் பவர்டு ஸ்பீக்கரை இந்தப் பக்கம் முதலில் இறக்கியவனும் நானே. அப்படிப்பட்ட என்னையே ஒரு மஞ்சள் நீராட்டு விழா திணறடித்தது. பட்டப்பகலில் பாட்டைப் போட்டதும், எதிர்மாடி வாடகை அறையிலிருந்து நெல்லைக்காரத் தம்பி ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

"நைட் ஷிப்ட் முடிச்சு இப்பதாம்ணே படுத்தோம். எங்க கட்டிலும் சேந்துல்லா ஆடுது!"

பெண்ணின் தாய் பதறினாள். "பாட்ட நிறுத்திடாதண்ணே, எம் பொண்ணு ஆடணும்னு ஆசையா கீறா!"

என் பெரிய பெட்டிகள் இரண்டும் அந்த மாடியைப் பார்த்தே நின்றன. அவற்றை அணைத்தேன். வண்டியில் சும்மா கிடந்த சின்ன ஸ்பீக்கர்களை, மாடிக்கு முதுகு காட்டி, ஆடுபவர்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டாண்டில் ஏற்றினேன். கட்டிலை அதிரவைக்கும் பேஸ் ஒலியையும் குறைத்தேன். தம்பி மேலே போய், சத்தம் எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டு ஜன்னலிலிருந்து கத்தினார்.

"இப்ப தூங்கலாம்ணே! சாயங்காலம் பிரியாணி மட்டும் அனுப்பிருங்க!"

பெண் ஆசை தீர ஆடினாள். இப்போதெல்லாம் நைட் ஷிப்ட்காரர்கள் தூங்கும் அறை எதுவென்று விசாரித்த பிறகே பெட்டியை இறக்குகிறேன். வயரைப் பிடுங்காமல் வாயால் சொன்ன அந்தத் தம்பி நன்றாக இருக்கட்டும்.