பழுதான தட்டு

என் சித்தப்பா திருகோணமலைத் துறைமுகக் கரையில் படகு எஞ்சின் திருத்துபவர். வீட்டில் எது ஓடாவிட்டாலும் அவரிடம் கொடுப்போம்; பிறகு அது வேறு ஏதாவதாக ஓடும். எனக்குப் பத்து வயதில் அவர் ஒரு தையல் மெஷின் மோட்டாரையும் பழைய ரெக்கோட் பிளேயரையும் சேர்த்து, இசைத்தட்டு வெட்டும் இயந்திரம் செய்யத் தொடங்கினார். ஃபோன் இருக்கிற காலத்தில் இது என்ன விசர் வேலை என்று அம்மா கேட்டார்.

"ஃபோனில கிடக்கிறது ஒருநாள் அழிஞ்சுபோகும் அண்ணி" என்றார் சித்தப்பா.

சித்திக்குத் தொண்டையில் கட்டி. கண்டி ஆஸ்பத்திரியில் வெட்டி எடுக்க வேண்டும்; குரல் மிஞ்சுமா என்று டொக்டர்மார் உறுதி சொல்லவில்லை. அதற்கு முன் அவர் பாடும் தேவாரத்தைத் தட்டில் பதிந்துவிட வேண்டும் என்பதுதான் சித்தப்பாவின் அவசரம்.

படகிலிருந்து கழற்றிய நீளத் திருகாணி ஒன்று ஊசியை மெல்ல மெல்லத் தட்டின் நடுவுக்கு நகர்த்தும். மைக்கில் விழும் குரலுக்கேற்ப ஊசி ஆடி, பிளாஸ்டிக் தட்டில் கோடு கீறும். கீறும்போது மயிர்போல் சுருண்டு வரும் தூளைப் பெயின்ற் பிரஷால் தள்ளுவது என் வேலை. அந்தப் பதவியில் எனக்குப் பெருமை அதிகம்.

சித்தப்பா எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தார், பெண்சாதியின் தொண்டையைத் தவிர. துறையில் நிற்கும் சித்தப்பாவை வீட்டு வாசலில் நின்றே சாப்பிடக் கூப்பிடுகிற குரல் அது. சித்தி வாயைத் திறந்ததும் ஊசி துள்ளிப் பக்கத்துக் கோட்டில் விழுந்தது. கோடுகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டினார். முதல் அடி முடியுமுன் தட்டு முடிந்தது. சத்தத்தைக் குறைத்துப் பாடச் சொன்னார். சத்தம் குறைந்தால் அது பாட்டில்லை என்று சித்தி மறுத்துவிட்டார்.

கண்டிக்குப் போவதற்கு முதல்நாள், புதிய ஊசியைச் சோதிக்கச் சித்தப்பா தட்டை வெறுமனே ஓட விட்டார். சித்தி அருகே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மைக் வேலை செய்துகொண்டிருந்ததை ஒருவரும் யோசிக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, எனக்குப் பயமாக் கிடக்கு. குரல் போனா உங்களை நான் எப்பிடிக் கூப்பிடுறது?"

அவ்வளவு தாழ்ந்த குரலில் சித்தி பேசி நான் கேட்டதில்லை. ஃபோனில் கூப்பிடலாமே என்று நினைத்தபடி தூளைத் தள்ளினேன். சித்தப்பா மோட்டாரை நிறுத்தினார். தட்டைப் போட்டுப் பார்த்தபோது ஊசி ஒரு இடத்திலும் துள்ளவில்லை. ஆனால் பாட்டும் இல்லை; சித்தி பேசியது மட்டும் கேட்டது. "இது பழுது" என்றேன். "ஓம் பிள்ளை, பழுதுதான்" என்று சொல்லி அதை அலுமாரியில் வைத்தார்.

கட்டியோடு குரலும் போனது. அதன்பிறகு மத்தியானத்தில் சித்தி துறைவரை நடந்து வந்து, சித்தப்பா நிமிர்ந்து பார்க்கும்வரை பேசாமல் நிற்பார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒரு பின்னேரம் சித்தப்பா தனியே இருந்து அந்தப் பழுதான தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அம்மாவின் ஃபோனைக் கொண்டுவந்தேன். கோயிலில் சித்தி பாடிய தேவாரங்கள் அதில் நல்ல தெளிவாக இருந்தன. சித்தப்பா அதை வாங்கி, ஒரு பாட்டை முழுதாகக் கேட்டு, நல்லாயிருக்கு என்று திருப்பித் தந்தார். பிறகு ஊசியைத் தூக்கித் தட்டின் தொடக்கத்தில் வைத்தார்.

தான் செய்த மெஷின் தோற்றுப்போனதைச் சித்தப்பாவுக்கு ஒத்துக்கொள்ள ஏலாமல் இருக்கிறது என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.