மஞ்சள் நூல் கட்டிய மூன்று தார்கள்

பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது. நானும் பள்ளிக்கூடத்தைக் கைவிட்டேன். துபாய் விசாவுக்காக நான் காத்திருந்த வருஷம், வலங்கைமான் பக்கம் எங்கள் வாழைத்தோட்டத்துக்கு ஒரு அக்கா வந்தார். விவசாயக் கல்லூரியில் பெரிய படிப்பு. ஒரே நாளில் பூத்த மூன்று பூவன் மரங்களில் மஞ்சள் நூல் கட்டினார். மாதம் இரண்டு முறை வந்து தாருக்கு ஒரு காயாக அறுத்து, உறைய வைக்கும் குளிர்ப்புகை கிளம்பும் குடுவையில் போட்டுக்கொண்டு போவார்.

"என்னக்கா, வாழைக்காயில குல்பியா?"

"சிரிங்க தம்பி. காய் வளர்றப்ப சில ஜீன் இனிப்பை மாவாக்கிச் சேத்து வைக்கும். பழுக்கறப்ப வேற ஜீன் முழிச்சு அந்த மாவைச் சர்க்கரையாக்கும். எது எப்ப முழிக்குதுன்னு பாக்கறேன். அதனால கடைசிப் பழம் மரத்துலயே பழுக்கணும். முன்னாடியே வெட்டிட்டா எனக்கு உதவாது."

"எங்க வீட்டுல கடைசியா முழிக்கறது நான்தான். என்னையும் குடுவையில போட்டுப் பாருங்க."

தார் முற்றியதும் தெருப் பையன்கள் அதை நோட்டம் விட ஆரம்பித்தார்கள். நான் ஒரு புளுகு விட்டேன்.

"தொடாதீங்கடா. விசாவுக்காக தர்காவுக்கு நேர்ந்துகிட்டது. வயிறு ஊதிரும்."

ஒருத்தனும் கிட்டே போகவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை தஞ்சாவூர் போய்விட்டுத் திரும்பினால் மூன்று மரத்திலும் தார் இல்லை. அம்மா வாசலிலேயே நின்றார்.

"உன் நேர்ச்சையை முடிச்சிட்டேன்டா. தெருவே சொல்லுது, என்கிட்ட மட்டும் மறைச்சிட்டியே. ஒண்ணு ரெண்டு பழுத்திருச்சு. நேர்ந்ததை அணில் கடிக்கலாமா? பாத்திஹா ஓதி எல்லாருக்கும் குடுத்தாச்சு."

"அந்த அக்கா?"

"அந்தப் பொண்ணு காயைத்தானே எடுக்கும்."

அம்மா முகத்தில் அவ்வளவு சந்தோஷம். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலை அக்கா வந்தார். மொட்டையாக நின்ற மரங்களைப் பார்த்தார். குடுவையை இறக்கி வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

"நாலு மாசமா வரேன் தம்பி. பழம் இல்லாம இதை முடிக்க முடியாது. வேற மரம் புதுசாப் பூத்துப் பழுக்கற வரைக்கும் எனக்கு நாள் இல்ல."

பின்னாலேயே அம்மா வந்துவிட்டார். இருவரிடமும் சொன்னேன். "நேர்ச்சையெல்லாம் இல்லம்மா. பசங்களை விரட்டச் சும்மா சொன்னேன்."

அம்மா அக்காவிடம் திரும்பினார்.

"அதே நாள்ல பூத்த வேற மரம் ஆகுமாம்மா?"

"ஆகும். ஆனா தேதி நிச்சயமாத் தெரியணுமேம்மா."

"நீ நூல் கட்டுன அன்னைக்கு வெள்ளிக்கிழமை. பெரியவன் சவுதியிலேர்ந்து போன் பண்ணான். தோட்டம் எப்படி இருக்குன்னு கேட்டான். நடுவுல மூணு, வாய்க்கா ஓரம் ரெண்டு, இன்னைக்குத்தான் பூ விரிஞ்சிருக்குன்னு சொன்னேன். அவன்கிட்ட பேசுனது எனக்கு மறக்காது."

அக்கா நோட்டைப் புரட்டினார். வெள்ளிக்கிழமைதான். வாய்க்கால் ஓரத்து இரண்டு தாரிலும் மேல் சீப்பு மஞ்சளாகியிருந்தது. தாருக்கு ஒரு பழம் அறுத்தார். குடுவையின் மூடியை நான் பிடித்துக்கொண்டேன்.

"மூணு மரம் வேணும். ரெண்டுதான் இருக்கு. நடந்ததை அப்படியே எழுதிக் குடுக்கறேன்" என்றார் அக்கா.

நான் துபாய் போன பிறகு அம்மா போனில் சொன்னார்: "அந்தப் பொண்ணு பாஸாயிருச்சுடா. தேதிக்கு என்ன ஆதாரம்னு பரீட்சை வெச்சவங்க குடைஞ்சாங்களாம். ஒரு தாய்க்குப் பிள்ளைகிட்டேர்ந்து போன் வந்த நாளுன்னு சொல்லிச்சாம்."