எரிந்த மலையில் பெண் பார்க்க

பெண் பார்க்க ஒருவர் எரிந்த மலையைத் தேர்ந்தெடுப்பாரா? என்னைப் பார்க்க வந்தவர் தேர்ந்தெடுத்தார். அரசாங்கக் கிளாக்கர், ஞாயிற்றுக்கிழமைகளில் துரைமாரைப் போல மலையேறுகிறவர். பலகாரத் தட்டோடு நிற்கும் பெண்ணைப் பார்ப்பது பட்டிக்காட்டு வழக்கமாம். காஜாங்குக்கு ரயிலில் வந்தால் ஓடையோரமாக நடந்துகொண்டே பேசலாம் என்று சொல்லியனுப்பினார். எங்களைப் போலவே யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம், உத்தியோக மாப்பிள்ளை. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டில் மறுபேச்சு இல்லை. அதற்கு முன் இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. "இதையும் விட்டால் வேறை ஆர் வருவினம்?" என்று அம்மா எனக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டாள்.

பட்டுச்சேலையோடு மலை! போன வறட்சியில் லாலான் புல்லில் பிடித்த தீ காட்டுக்குள் ஏறி, சரிவு முழுவதையும் தின்றிருந்தது. பிறகு பெய்த மழையில் சாம்பலெல்லாம் கறுப்புச் சேறு. கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போனது. கரிந்த மரங்களுக்கிடையே பெரணியும் அகல இலைக் கன்றுகளும் இடுப்பளவு முளைத்திருந்தன. இலைக்கு இலை ஓர் அட்டை தலையைத் தூக்கி நெளிந்தது. சீ! இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. எங்கோ ஒரு பன்றி செத்து அழுகிய நாற்றம் வேறு.

அவர் கைத்தடியோடு முன்னால் போனார். "பாருங்கோ, எரிஞ்ச காடு எவ்வளவு வடிவாய்த் துளிர்க்குது!" என்றார். எனக்குத் துணையாக வந்த ஐயா, என் தகப்பனார், "ஓம், ஓம்" என்று மூச்சு வாங்கினார். எனக்கு அந்த அழகு ஒன்றும் தெரியவில்லை, சேலையில் ஏறிய அட்டையைத் தட்டிவிட்டேன்.

சாப்பாட்டுக் கூடையைச் சுமக்க அவர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பால்மரம் வெட்டும் பெண்ணைக் கூட்டி வந்திருந்தார். அவள் வெறுங்காலோடு எங்களை முந்திப் போய்விட்டாள். நாங்கள் ஓடையருகே நின்றோம். அவர் இரண்டு கோப்பையில் தண்ணீர் மொண்டு, ஒன்றை ஐயாவிடம் கொடுத்தார். தன் கோப்பையை வாயில் வைத்தபோதுதான் மேலே பார்த்தார். பாறையில் குனிந்து அந்தப் பெண் கையால் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அடியேய்! மேலை நிண்டு வாய் வைக்கிறாய், அதை நாங்கள் இஞ்சை குடிக்கிறதோ?" தண்ணீரை வீசிக் கொட்டினார். அவளைக் கீழே இறங்கச் சொன்னார். பிறகு வாய் கொப்பளித்து ஓடையில் துப்பினார். அட்டை கடித்த காலின் இரத்தத்தைக் கழுவினார். தன் காலுக்குக் கீழே ஒழுகிய தண்ணீரைத் தடியால் காட்டி, "இனி இதிலை குடி" என்றார்.

"சரிங்க தொரை" என்று அவள் குடித்தாள்.

அவர் மேலே ஏறி, கோப்பையை நிரப்பி என்னிடம் நீட்டினார். "நீர் குடியும், நல்ல தண்ணி." அன்று என்னோடு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அதை வாங்கி அந்தப் பெண்ணிடம் கொண்டுபோனேன். அவள் பதறிப் பின்வாங்கினாள். "வேணாங்கம்மா, எனக்கு ஏச்சு வாங்கி வச்சிடாதீங்க." கோப்பையைப் பாறையில் வைத்தேன்.

"ஐயா, எனக்கு இந்தாள் வேண்டாம்."

"படிச்ச பிள்ளையெண்டெல்லோ சொன்னியள்?" என்று அவர் ஐயாவைக் கேட்டார். ஐயா கீழே இறங்கத் தொடங்கினார்.

வழியெல்லாம் என்னை ஏசவில்லை. காஜாங் ஸ்டேஷனில் உட்கார்ந்த பிறகுதான் மெதுவாகக் கேட்டார்: "அப்ப உனக்கு எப்பிடிப்பட்ட ஆள் வேணும், பிள்ளை?"

அந்த மனிதர் சத்தம் போட்டபோது ஐயாவும் தன் கோப்பைத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுச் சால்வையால் வாயைத் துடைத்திருந்தார். நான் பார்த்திருந்தேன்.

'உங்களைப் போல இல்லாத ஆள்' என்று நாக்கு நுனி வரை வந்தது.