சரிபார்ப்பை நிறுத்திவிட்டுப் போனவர்

பிள்ளைகளே, பாசிக்குடாவில் நான் வேலை செய்யும் ஹோட்டலுக்குக் கணினி திருத்த ஒருவர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. அணைந்த திரையைக் கண்டால் போதும், அதில் முகம் பார்த்துத் தலை சீவுவார்.

விருந்தினரின் பாஸ்போட் விபரங்களைச் சேமிக்கும் கணினியை வரவேற்பறையில் உள்ள எங்கள் கணினி, ஐபி இலக்கம் என்னும் அதன் முகவரி எண்ணைக் கொண்டுதான் தேடிப் போகும். தான் யாரென்று அது காட்டும் சான்றிதழிலோ பெயர் மட்டுமே இருந்தது. அதனால் எங்கள் கணினி அதை நம்பாமல் இணைய மறுத்தது. இலக்கத்தையும் சேர்த்துப் புதுச் சான்றிதழ் செய்தால் சரிவரும் என்று அவரே சொன்னார். ஆனால் செய்யவில்லை. சோம்பலில், அந்தச் சான்றிதழைப் பார்க்கும் சரிபார்ப்பையே நிறுத்திவிட்டார்.

“அப்ப வேறொரு கணினி இடையில நிண்டு விபரத்தக் களவெடுத்தா?” என்று கேட்டேன்.

“இஞ்ச ஆர் அண்ணன் களவெடுக்க வாறது? கடல் நண்டா?” என்று சிரித்தார்.

“சரி தம்பி, உங்கட அடையாள அட்டை இலக்கத்தச் சொல்லுங்க. முதல்ல அதப் போட்டு அனுப்பிப் பாப்பம்.”

அவர் சிரிப்பு நின்றது. “என்டதப் போடாதீங்க. வெள்ளைக்காரன்ட ஒண்டப் போடுங்க.”

அறியாமல் செய்திருந்தால் பரிதாபப்பட்டிருப்பேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவ்வளவு படித்தும் ஒருவர் எப்படி இவ்வளவு அற்பமாக இருக்கிறார் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.